மூச்சுக்குப் பின் நான்கு நிமிடம்

ஜூன் 4

தம்பிக்கு,

மேலே 'அன்புள்ள' என்று எழுதி அடித்திருப்பது தெரியும். தாளை வீணாக்க மனமில்லாமல் இதிலேயே எழுதுகிறேன்.

நேற்றுப் பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல். கன்னம் பந்து மாதிரி வீங்கி மூன்று நாளாயிற்று. காத்திருக்கும் அறையில் எனக்கு முன்னால் ஆறு பேர். சுவரில் பெரிய டிவி. அதில் நியூசும் இல்லை, சீரியலும் இல்லை. கடல். பவளப்பாறை மேல் யாரோ மெதுவாக நீந்திப் போகிற மாதிரி படம். 'நோயாளிங்க பயப்படாம இருக்கட்டும்னு டாக்டரே வாங்கிப் போட்டாரு, வீடியோ கேமாம்' என்றாள் வரவேற்பில் இருந்த பெண். ஓரத்தில் 'நீரடி' என்று எழுதியிருந்தது. என் தம்பி செய்ததுதான் என்று அவளிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். வாய் திறக்க முடியாததால் சொல்லவில்லை.

அப்புறம்தான் காதில் விழுந்தது. அந்த மூச்சு.

பதினோரு வருஷம் நானும் அவரும் சேர்ந்து கடலுக்குள் இறங்கியிருக்கிறோம். தண்ணீருக்கடியில் பேச முடியாது. திரும்பிப் பார்க்காமலே பக்கத்தில் இருக்கிறார் என்று எனக்குச் சொன்னது அந்த மூச்சுதான். நான்கு தடவைக்கு ஒரு தடவை தொண்டையில் ஒரு சின்ன 'ளுக்'. எச்சில் விழுங்குகிற பழக்கம். ஆயிரம் பேர் மூச்சுக்கு நடுவில் விட்டாலும் உன் அத்தான் மூச்சை நான் பொறுக்கி எடுப்பேன்.

எழுந்து நின்று கத்தியிருக்கிறேன். வலி தாங்காமல் கத்துகிறேன் என்று நினைத்து என்னை வரிசையில் முதலில் அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வருஷம் முன்பு, அவர் கடலில் இறந்த பிறகு, அவருடைய குரலோ சத்தமோ எதிலாவது இருக்கிறதா என்று உன்னிடம் எத்தனை முறை கேட்டேன்? ஒலிப்பதிவுக் கருவி அன்று கடலில் விழுந்துவிட்டது என்றாய். விழுந்த கருவி எப்போது நீந்திக் கரை ஏறியது?

போன் செய்யாதே. உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். எழுது. எழுதினால் நான் படித்துவிட்டுக் கிழிக்கலாம், கிழிக்காமலும் இருக்கலாம்.

அக்கா

*

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் அலுவலகத்துக்கு வந்தது. கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பக்கத்து மேஜைக்காரன், 'என்னப்பா, கோர்ட் நோட்டீசா?' என்றான். என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

முதலில், பல் எப்படி இருக்கிறது? வேர் சிகிச்சை என்றால் தள்ளிப்போடாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். அது அத்தானின் மூச்சுதான். மறைக்கவில்லை; சொல்லத் தோதான நேரம் வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது அன்றைய பதிவு இல்லை. அதற்கு முந்தின வருஷம் பயிற்சிக் குளத்தில் எடுத்தது. புது மைக்கை முகமூடியில் ஒட்டிச் சோதிப்பதற்காக அவரை இறங்கச் சொன்னேன், நினைவிருக்கிறதா? அந்தக் கோப்பு என் பழைய கம்ப்யூட்டரில் கிடந்தது. அன்று கொண்டுபோன கருவி கடலில் விழுந்தது விழுந்ததுதான்.

நாங்கள் ஐந்து பேர், ஒரு சலவைக் கடைக்கு மேல் இரண்டு அறை. தரையெல்லாம் கீழிருந்து வருகிற நீராவிச் சூடு. இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்து ஒரு கடலைச் செய்திருக்கிறோம். நீ விளையாடிப் பார்த்தால் புரியும். அதில் போட்டி இல்லை, புள்ளி இல்லை, யாரும் யாரையும் துரத்துவதில்லை. சும்மா நீந்தலாம், மீனைப் பார்க்கலாம், படமெடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டலாம். சிலிண்டரில் காற்றுத் தீராது. தூக்கம் வராதவர்கள், வேலையில் நொந்துபோனவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள். 'அந்த மூச்சைக் கேட்டுக்கிட்டே இருந்தா என் மூச்சும் அடங்குது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அத்தானுக்கு அது பெருமைதானே அக்கா?

நன்றிப் பட்டியலில் அவரை முதலில் போடுகிறேன். இத்தனை நாள் போடாதது என் தப்பு. மற்றதெல்லாம் நேரில் பேசலாம். நீ கூப்பிட்டால் வருகிறேன்.

உன் தம்பி

*

ஜூன் 17

தம்பிக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. இனி தாராளமாகப் பேசலாம்.

நான் வேலை செய்வது குடிநீர் ஆய்வகத்தில் என்பது உனக்குத் தெரியும். கடல் இல்லாத ஊராகப் பார்த்து மாற்றல் கேட்டு வாங்கியவள் நான். பக்கத்து மேஜைப் பெண் அவள் லேப்டாப்பில் உன் விளையாட்டை ஏற்றிக்கொடுத்தாள். நான்கு நாள், மதியச் சாப்பாட்டு வேளையில், சோதனைக் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து உன் கடலில் இறங்கினேன்.

முதலில் உன் தப்புகள். கிளிமீன் பட்டப்பகலில் தூங்குகிறது. பேய்க்கணவாய் எட்டுக் கையையும் விரித்து ஓட்டுக் கேட்க வந்த ஆள் மாதிரி கும்பிடு போடுகிறது. கடல் அட்டை, ஒரு நாளைக்கு ஒரு முழம் நகர்ந்தால் பெரிது, அது உன் கடலில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. என் பவளப்பாறைக் கணக்கெடுப்பு நோட்டுகளைப் பத்து நாள் இரவல் வாங்கிப் போனாயே, எதைப் படித்தாய்?

அப்புறம் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வேவு பார்க்கத்தான் போனேன். பத்து நிமிடத்தில் வேவு மறந்துபோயிற்று. இரண்டாம் பாறைக்குப் பின்னால் வெளிச்சம் சரிந்து விழுகிறது பார், அது எங்கள் பாறை. அங்கேயே மிதந்துகொண்டிருந்தேன். மணி அடித்து எல்லோரும் வேலைக்குத் திரும்பியது எனக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு விட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறாய் என்பதால்தான் கோபம் இன்னும் கூடுகிறது.

நான்காம் நாள் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். மூச்சுக்குப் பின்னால் ஒரு படபடப்பு. காய்ந்த சருகை யாரோ இடைவிடாமல் மிதிக்கிற மாதிரி. தம்பி, அது சொடுக்கு இறால். பாறை இடுக்கில் இருந்துகொண்டு கொடுக்கால் சொடுக்குப் போடும் விரல் நீள இறால். உயிருள்ள பாறை இருக்கிற இடத்தில்தான் அந்தச் சத்தம் இருக்கும். பயிற்சிக் குளத்தில் குளோரின் இருந்தது. இறால் எங்கே இருந்தது?

நீ மைக்கை அந்தப் பாறைக்குக் கொண்டுவந்தது ஒரே ஒரு நாள்தான்.

இனி ஒரு பொய் எழுதுவதானால் தபால்தலையை வீணாக்காதே.

அக்கா

*

ஜூலை 3

அக்கா,

இதை ஐந்து தடவை தொடங்கிவிட்டேன். இந்தத் தடவை நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன். தப்பும் தவறுமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்று மதியத்தோடு உங்கள் கணக்கெடுப்பு முடிந்தது. மாதிரிகள் கெட்டுவிடும் என்று நீ முதல் படகில் கரைக்குப் போய்விட்டாய். இரண்டாவது படகில் நான், அத்தான், படகுக்கார அண்ணன். மூன்று பேர்தான். நான் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருந்தேன். 'ஒரே ஒரு தடவை அத்தான். மைக் ஒயர் முப்பது மீட்டர்தான். பக்கத்திலேயே. எனக்கு மூச்சும் பாறைச் சத்தமும் சேர்ந்து வேணும்.' அவர் களைத்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அப்போது எனக்கு அது வெயில் என்று தோன்றியது. 'சரிடா, உன் கேம்ல நானும் இருந்துட்டுப் போறேன்' என்று சிரித்துக்கொண்டே முகமூடியை மாட்டினார். தனியாக யாரும் இறங்கக் கூடாது என்பது உன் விதி. எனக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

படகுக்கார அண்ணன் விடியற்காலையிலிருந்து சுக்கான் பிடித்தவர். 'நீங்க கொஞ்சம் சாஞ்சுக்குங்கண்ணே, நான் பாத்துக்கறேன்' என்று சொன்னது நான்தான். அவர் பின்பலகையில் படுத்தார்.

நான் எதைப் பார்த்துக்கொண்டேன்? ஒன்றையும் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். அவ்வளவு அழகாக இருந்தது அந்தச் சத்தம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் மூச்சு மெதுவாக ஆயிற்று. அவர் எனக்காக நிதானமாக விடுகிறார் என்று நினைத்து ஒலியளவைக் கூட்டினேன். அக்கா, அவருக்கு நெஞ்சடைத்துக்கொண்டிருந்தது. நான் ஒலியளவைக் கூட்டினேன்.

பிறகு மூச்சே கேட்கவில்லை. ஒயர் கழன்றுவிட்டது என்றுதான் முதலில் தோன்றியது. குனிந்து ஒயரை இழுத்து, திரும்பச் செருகி, மறுபடி இழுத்து... அப்புறம் நிமிர்ந்தேன். தண்ணீரில் குமிழி இல்லை. 'அண்ணே' என்று கத்தினேன். அவர் குதித்தார். மேலே கொண்டுவரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

கரைக்கு வரும் வழியில், அவர் தலை சுக்கான் பிடித்திருந்த படகுக்காரர் மடியில் இருந்தபோது, நான் மைக் ஒயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தேன். என் கை தானாகச் செய்தது என்று எனக்கு நானே பல நாள் சொல்லிக்கொண்டேன். கை தானாக எதையும் செய்யாது.

விசாரணையில், எதற்காக இறங்கினார் என்று கேட்டார்கள். 'அளவு டேப் ஒண்ணு கீழேயே விட்டுப்போச்சு, அதை எடுக்கப் போனார்' என்றேன். 'படகுக்காரர் தூங்கிட்டிருந்தார், நான் கத்தித்தான் எழுந்தார்' என்றேன். இரண்டாவது பொய் இல்லை. ஆனால் அவரைப் படுக்கச் சொன்னது நான் என்பதைச் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொன்னால் மீதியை அவர்களே நிரப்பிக்கொண்டார்கள். அவருடைய படகு அனுமதியைப் பிடுங்கிவிட்டார்கள்.

கருவி என்னிடம்தான் இருக்கிறது. நாற்பது நிமிடம் சொச்சம் ஓடியிருக்கிறது. விளையாட்டில் இருப்பது முதல் ஆறு நிமிடம், அவர் நன்றாக இருந்தபோது எடுத்தது. ஏன் போட்டாய் என்று கேட்பாய். வேறு எங்கேயாவது அவர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று நினைத்தேன். காற்றுத் தீராத ஒரு இடத்தில். இதை எழுதும்போதே எவ்வளவு மட்டமான சமாதானம் என்று தெரிகிறது.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தம்பி

*

ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. எழுதாமல்தான் இருந்தேன். உன்னைத் தண்டிக்க இல்லை. உன் கடிதத்தைத் தினமும் எடுத்துப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அந்த டேப்பில் தொடங்குகிறேன். அன்று ஐந்து டேப் கொண்டுபோனோம். ஐந்தையும் நானே சுருட்டி, நானே எண்ணி, நீலப் பெட்டியில் போட்டேன். எண்ணுவதுதான் என் வேலை. மீனை எண்ணுகிறவளுக்கு டேப்பை எண்ணத் தெரியாதா? ஆனால் நீ அப்படிச் சொன்ன பிறகு எனக்கு என் எண்ணிக்கை மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நான்குதான் எண்ணினேனோ? பெட்டியை மறுபடி திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டேன். நான் மறந்துவிட்டு வந்த ஒரு டேப்புக்காக அவர் செத்தார் என்று மூன்று வருஷம் நம்பினேன். பல் தேய்க்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, தண்ணீர் மாதிரிகளுக்கு நம்பர் ஒட்டும்போது, ஐந்து, ஐந்து, நான்கா என்று எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன். இதை நீ எனக்குச் செய்தாய்.

உன்மேல் எறிவதற்கு என் கையில் இருந்த கல் அவ்வளவுதான். எறிந்துவிட்டேன். இப்போது என்மேல் விழ வேண்டியதைச் சொல்கிறேன்.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னாலிருந்தே அவருக்கு இடது தோளில் வலி. சிலிண்டர் தூக்கியதால் வந்தது என்றார். முந்தின நாள் படியேறும்போது பாதியில் உட்கார்ந்தார். 'வயசாகுதுடி, உன்னை மாதிரியா?' என்றார். நான் சிரித்தேன். குழுத் தலைவி என்ற முறையில், இறங்குகிற ஒவ்வொருவருக்கும் தினமும் காலையில் உடல்நிலைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். கடல் கலங்குவதற்குள் முடிக்க வேண்டும், இன்னும் ஒரு நாள் வேலைதான் பாக்கி. 'வலி ஏதும் இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அவரைக் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தால் இருக்கிறது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

விசாரணையில் அந்தப் படிவத்தை யாரும் கேட்கவில்லை. டேப், தூங்கின படகுக்காரர், இதுவே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. படகுக்காரர் எழுந்து, 'படுத்திருந்தேன், தூங்கலை சார்' என்று சொன்னபோது யாரோ சிரித்தார்கள். நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். இரண்டு கையெழுத்து. ஒன்று அவர் உயிருக்கு, இன்னொன்று அந்த மனிதருடைய பிழைப்புக்கு.

நீ என்னிடம் அன்றே சொல்லியிருந்தால் நான் உன்னிடம் சொல்லியிருப்பேன் என்று எழுத வருகிறது. அது உண்மையா என்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உயிர் போகிற ஆபத்தென்றால் கத்தியின் பிடியால் சிலிண்டரைத் தட்ட வேண்டும், அதுதான் எங்கள் அடையாளம். டங் டங் டங் என்று மூன்று முறை. அவர் தட்டினாரா? உங்களைக் கூப்பிட்டாரா? உண்மையைச் சொல்.

மூச்சை எடுத்துவிடு என்று சொல்லத்தான் முதல் கடிதம் எழுதினேன். இப்போது தினமும் மதியம் பத்து நிமிடம் அந்தப் பாறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். கொஞ்ச நாள் இருக்கட்டும்.

அக்கா

*

ஆகஸ்ட் 15

அன்புள்ள அக்கா,

தட்டவில்லை.

இதை முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் இவ்வளவு அவசரமாக உட்கார்ந்தேன். நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன். சிலிண்டர் சத்தம் எங்கேயும் இல்லை. இருபத்தாறாவது நிமிடத்தில் மெதுவாக ஏதோ முனகுகிறார், பாட்டு மாதிரி. வலி முனகல் மாதிரி இல்லை. அதற்குப் பிறகு மூச்சு நீளுகிறது, இடைவெளி கூடுகிறது. முப்பத்தாறாவது நிமிடத்தில் ஒரு நீள மூச்சு. அப்புறம் இறால் சத்தம் மட்டும். என் பேச்சை நம்ப வேண்டாம் என்பதால் கருவியையே தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நான் எப்போதும் அந்த நீள மூச்சோடு நிறுத்திவிடுவேன். அதற்கப்புறம் கேட்டதில்லை. நீயும் அங்கேயே நிறுத்திவிடு.

இரண்டாவது விஷயம் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள்தான் விளையாட்டிலிருந்து மூச்சை எடுத்தேன். நீ எழுதாமல் இருந்த ஒரு மாதத்தில், நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்று தோன்றியது. சக பணியாளர்கள் ஏன் என்று கேட்டார்கள். 'அது எங்க அத்தான்' என்றேன். எல்லோருடைய பிரதியிலும் இந்நேரம் மாறியிருக்கும். இப்போது அதில் இருப்பது என் மூச்சு. குளியலறையில் வாளித் தண்ணீருக்குள் குழாயை விட்டு ஊதி எடுத்தது. எருமை குளத்தில் விழுந்த மாதிரி இருக்கிறது என்று விளையாடுகிறவர்கள் எழுதுகிறார்கள். திரும்பப் போடச் சொன்னால் போடுகிறேன். ஆனால் இனி அது எனக்கும் உனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி இல்லை.

படிவத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். நீ டிக் போடாமல் இருந்திருந்தாலும் நான் அவரைக் கெஞ்சியிருப்பேன். நான் கெஞ்சாமல் இருந்திருந்தால் உன் டிக் வெறும் டிக்காகவே போயிருக்கும். யாருடையது எவ்வளவு என்று பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

விசாரணை நடத்திய துறைக்கு வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டேப் பொய், படகுக்காரரைப் படுக்கச் சொன்னது நான், இரண்டையும் எழுதிவிட்டேன். அவரை நேரில் பார்க்க வேண்டும் என்று இரண்டு தடவை கிளம்பினேன். அவர் ஊர்ப் பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

தம்பி

*

செப்டம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

நிறுத்திவிடு என்று நீ சொன்ன இடத்தில் நான் நிறுத்தவில்லை.

கேட்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தில் யாரும் இல்லாத காலை வேளையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, ஹெட்போன் போட்டேன். அந்த முனகல் பாட்டு இல்லை. திருக்கையைக் கண்டால் அவர் அப்படித்தான் முனகுவார், பூனையைக் கொஞ்சுகிற மாதிரி. கடைசியாக ஒரு திருக்கையைப் பார்த்திருக்கிறார். அதோடு போதும் என்று நிறுத்தத்தான் விரல் போயிற்று. ஆனால் எதையும் எண்ணுவதைப் பாதியில் நிறுத்தி எனக்குப் பழக்கமில்லை. அவரோடு கடைசி வரை யாராவது ஒருவர் இருக்க வேண்டும் என்றும் தோன்றியது.

நீள மூச்சுக்குப் பிறகு இன்னும் நான்கு நிமிடம் ஓடுகிறது, தம்பி.

முதலில் இறால். கிட்டத்தட்ட ஒரு நிமிடம். அப்புறம் 'டொக்' என்று ஒரு சத்தம். நீ ஒயரைப் பிடுங்கிய இடம். அதோடு கடல் அறுந்து, படகுச் சத்தம் கேட்கத் தொடங்குகிறது. காற்று, பலகை கிரீச்சிடுவது, நீ வாய்க்குள்ளேயே 'ஒயர் போச்சா' என்று சொல்வது. மைக்கைப் பிடுங்கிவிட்டால் கருவி அதன் சொந்தக் காதால் கேட்கத் தொடங்கிவிடும் என்று எங்கள் ஆய்வகப் பையன் சொன்னான். உனக்குத் தெரியாததா?

அடுத்து ஒரு குரல் வருகிறது. உன்னுடையது இல்லை.

'தம்பி... குமிழி காணோமே தம்பி!'

பலகை மேல் திடுதிடுவென்று கால் சத்தம். தண்ணீரில் ஒருவர் விழுகிற சத்தம்.

அதற்குப் பிறகு, எண்ணிப் பார்த்தேன், ஒன்பது விநாடி கழித்து நீ 'அண்ணே! அண்ணே!' என்று கத்துகிறாய்.

நீ கத்தி அவர் எழவில்லை. நீ ஹெட்போனோடு ஒயரைக் குடைந்துகொண்டிருந்தபோது, அவர் உன்னைக் கூப்பிட்டு, பதில் வராமல், குதித்துவிட்டார். நீ காலியான பலகையைப் பார்த்துக் கத்தியிருக்கிறாய். பயத்தில் உன் மனம் முன்னதைப் பின்னதாக அடுக்கிக்கொண்டது. வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை என்று நம்புகிறேன். ஆனால் அவர் தூங்கவில்லை என்பதற்குச் சாட்சி மூன்று வருஷமாக உன் மேஜை இழுப்பறையில் இருந்தது. கேட்பதற்குத்தான் உனக்குத் தைரியம் இல்லை.

நேற்று அவரைப் போய்ப் பார்த்தேன்.

அவர் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் டோக்கன் கொடுக்கிறார். தகரக் கூரை, ஒரு ஸ்டூல், கம்பியில் கோத்த எண் வில்லைகள். கண்ணில் புரை விழுந்திருக்கிறது. வில்லையை மூக்குக்கு நேரே பிடித்துத்தான் நம்பரைப் பார்க்கிறார். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

'மேடமா? உக்காருங்க. இந்த ஸ்டூல் ஆடும், பாத்து.'

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், டேப், மைக், நீ அவரைப் படுக்கச் சொன்னது. நடுவில் இரண்டு பேர் சைக்கிள் எடுக்க வந்தார்கள். அவர் வில்லையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டு, 'ம், சொல்லுங்க' என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பலகை மாதிரி இருந்தது.

முடித்ததும் சொன்னேன். 'துறைக்கு எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டேன் அண்ணே. உங்க அனுமதியைத் திருப்பித் தரச் சொல்லி...'

'எனக்கு அறுபத்திரண்டு ஆச்சும்மா. இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு எந்தக் கடலுக்குப் போறது?' என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். 'படகை வித்தாச்சு. என் மவன் வேற வேலைக்குப் போயிட்டான். இப்ப வந்து சொல்றீங்க.'

'ஆமா. இப்பத்தான் வந்து சொல்றேன்' என்றேன்.

பிறகு நான் கருவியை எடுத்து, ஹெட்போனை அவர் காதில் மாட்டி, 'டொக்' என்ற இடத்திலிருந்து ஓடவிட்டேன். அவர் முதலில் தலையைச் சாய்த்துக் கேட்டார். அப்புறம் கையிலிருந்த வில்லைகளைக் கீழே வைத்தார்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றாமலே சத்தமாகப் பேசினார், காது அடைத்திருப்பவர்கள் பேசுவார்களே, அப்படி.

'இது என் குரல்தானேம்மா?'

'உங்க குரல்தான்.'

'குமிழி காணோம்னு நான்தான் சொல்றேன்?'

'நீங்கதான் அண்ணே. நீங்கதான் முதல்ல பாத்திருக்கீங்க.'

'இன்னொரு தடவை போடுங்க.'

போட்டேன். மறுபடியும் கேட்டார். சைக்கிளுக்கு வந்த ஒருவர், 'என்ன பெரியவரே, பாட்டா?' என்றார். இவர் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். மூன்றாவது தடவை போடச் சொன்னார். தண்ணீரில் விழுகிற சத்தம் வந்த இடத்தில் அவர் உடம்பு லேசாகத் தூக்கிப்போட்டது.

'எல்லாரும் தூங்கிட்டே தூங்கிட்டேன்னு சொன்னாங்கம்மா. எங்க வீட்டுலகூட. மொதல்ல இல்லைன்னு சொல்லிப் பாத்தேன். அப்புறம் சொல்றதை விட்டுட்டேன். இந்த ஒரு வருஷமா எனக்கே தோண ஆரம்பிச்சுடுச்சு, ஒருவேளை கண்ணசந்துட்டேனோ, நான்தான் அந்த மனுஷனைக் கொன்னுட்டேனோன்னு' என்றார்.

ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

'முழிச்சுத்தான் இருந்திருக்கேன்' என்றார்.

உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் உனக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. அது நான் கேட்கக் கூடியது இல்லை. காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை அங்கேதான் இருப்பார். பேருந்து நிலையம் வரை வந்து திரும்பினேன் என்று எழுதியிருந்தாய். அந்தத் தகரக் கூரை அங்கிருந்து இருபது அடி.

அக்கா